சோதனை நம் உடலில். மருந்து யார் கையில்?

'சோதனை' என்னும் சொல் தமிழிலே இருபொருள் பயந்து நிற்பது. ஒரு பொருளின் மெய்ம்மையை ஆய்ந்தறிதலும் சோதனை. மனிதனுக்கு வந்துறும் இடர்ப்பாடும் சோதனை. பொன்னை உரைகல்லிலே தேய்ப்பவனது தொழிலையும், துன்பத்திற் பட்டு உழல்பவனது நிலையையும் ஒரே சொல்லாற் குறித்த நம் மக்கள், ஆராய்ச்சி என்பது ஆராயப்படுவோனுக்குத் துன்பமாதலும் கூடும் என்பதை உணர்ந்தே அவ்வாறு வழங்கினர் போலும். புதிய மருந்துகளை மனிதர்மீது ஆராய்ந்து பார்க்கும் முறைபற்றி இந்நாளில் எழும் வினாக்கள் யாவும் இவ்விரு பொருள்களுக்கு இடையிலேயே நிற்கின்றன.

இவ்வினாக்கள் மருத்துவர்க்கே உரியன என்று ஏனையோர் ஒதுங்கியிருந்த காலம் கொவிட் பெருந்தொற்றோடு கழிந்துவிட்டது. 2020ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே, கண்டியிலிருந்து கொழும்புக்குச் செல்லும் பெருவீதியிலுள்ள கேகாலைப் பகுதியில் நிகழ்ந்ததை வாசகர்கள் மறந்திரார். தேனும் சாதிக்காயும் முதலியன சேர்த்து ஆக்கிய பாணி ஒன்று தொற்றை விலக்கும் என்ற செய்தி பரவிற்று. மக்கள் கூடுதலே ஆகாதென்று விலக்கப்பட்டிருந்த அந்நாளில், ஆயிரக்கணக்கானோர் அப்பாணியின் பொருட்டு நெருங்கித் திரண்டனர். அப்போதைய சுகாதார அமைச்சர் பலரறிய அதனைப் பருகினார். 2021 தை மாதத்தில் அவரே தொற்றுக்கு ஆளாயினார். அது கேட்டு நகைத்தவர் பலர். "பாணியின் பொய் வெளிப்பட்டது" என்றனர்.

நிதானித்து நோக்கின், நகைத்தவர்களும் நம்பியவர்களும் ஒரே பிழையையே செய்தனர் என்பது புலனாகும். ஒருவர் பருகி நலமாயிருந்தமையால் மருந்து மெய் என்பதும், ஒருவர் பருகி நோயுற்றமையால் மருந்து பொய் என்பதும் ஒரே அளவைப் பிழையின் இரு முகங்களாம். கொவிட் தொற்றியவருட் பெரும்பாலோர் தனி மருந்து எதுவுமின்றியே தேறினர். ஆகவே பாணி பருகிய நூறு பேரிற் பெரும்பாலோர் தேறினர் எனக் கொள்வோமாயினும், அத்தேற்றம் பாணியால் வந்ததா, தானே வந்ததா என்பதை எங்ஙனம் அறிவது? பருகாத நூறு பேரை அருகே வைத்து ஒப்பிட்டாலன்றி அறிதற்கு வழியில்லை. காக்கை வந்து இருக்கப் பனம்பழம் விழுந்தது; காக்கையாலேதான் விழுந்ததென்று கூறலாமோ? தருக்க நூலார் காகதாலீயம் என்று பெயரிட்டு விலக்கிய இம்மயக்கத்தை, எண்ணிக்கொண்டும் ஒப்பிட்டுக்கொண்டும் விலக்குவதே மருந்துச் சோதனை என்பதன் உள்ளுறை.

அச்சோதனை படிப்படியாக நடைபெறுவது. ஆய்வுகூடத்திலும் பின்னர் விலங்குகளிடத்தும் ஆராயப்பட்ட பொருளொன்று முதற்கட்டத்திலே ஏறத்தாழ 20 முதல் 100 வரையான தொண்டர்க்கு, பெரும்பாலும் நோயற்றவர்க்கு, சிறிய அளவிலே தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுக்கப்படும். ஈண்டுக் கேட்கப்படும் வினா நோய் தீருமா என்பதன்று. எவ்வளவு கொடுத்தால் உடல் தாங்கும் என்பதே. இவ்வினா எளிதன்று. 2006ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலண்டன் மாநகரிலே புதுமருந்து ஒன்றை முதன்முதலிற் பெற்ற தொண்டர் அறுவரும், உள்ளுறுப்புகள் செயலிழந்து உயிர் ஊசலாடக் கிடந்து பின்னர் உயிர் பிழைத்தனர். அம்மருந்து குரங்குகளுக்குக் கொடுத்தபோது தீங்கு எதுவும் காட்டாதது. விலங்குக்கு ஆனது மனிதனுக்கும் ஆகும் என்பது துணிபன்று, எதிர்பார்ப்பு மாத்திரமே.

இரண்டாங் கட்டத்திலே மருந்து அந்நோயுடையவர் சில நூறு பேருக்குக் கொடுக்கப்படும். பயன் ஏதேனும் தோன்றுகின்றதா, எவ்வளவு மருந்து தக்கது என்பவை அங்கே ஆராயப்படும். மூன்றாங் கட்டமே பெரும்போர்க்களம். பல நூற்றுவர் முதற் பல்லாயிரவர் வரை அதிற் பங்குகொள்வர். ஒரு சாரார்க்குப் புதுமருந்தும், மறுசாரார்க்கு வழக்கிலுள்ள மருந்தோ, மருந்துபோலத் தோன்றி மருந்தில்லாத வெறுமருந்தோ அளிக்கப்படும். யார் எச்சார்பில் நிற்பர் என்பதை வைத்தியரும் தெரிவு செய்வதில்லை, நோயாளரும் தெரிவு செய்வதில்லை. பராந்தகன் காலத்து உத்தரமேரூரிலே ஓலையிற் பெயர் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி எடுத்துச் சபையோரைத் தேர்ந்தனர் என்று கல்வெட்டுக் கூறும். அக்குடவோலை முறை எதன் பொருட்டு வகுக்கப்பட்டதோ அதன் பொருட்டே இங்கும் சீட்டுப் போடப்படுகின்றது: விருப்பு வெறுப்பு நுழைதற்கு இடங்கொடாமை. வலுவுள்ள நோயாளர்க்குப் புதுமருந்தையும் மெலிந்தவர்க்கு வெறுமருந்தையும் கொடுக்கும் மனச்சாய்வு நல்ல வைத்தியரிடத்தும் தம்மையறியாது தோன்றக்கூடும். ஆகவே இயலுமிடத்து, கொடுப்பவர்க்கும் பெறுபவர்க்கும் இன்னது இன்னதென்று தெரியாதவாறு மறைத்தே கொடுக்கப்படும்.

மூன்று கட்டங்களையும் கடந்து கடைக்கு வந்தபின்னரும் ஆராய்ச்சி முடிவதில்லை. பதினாயிரத்தில் ஒருவர்க்கு வரும் கேட்டை ஆயிரம் பேரிடத்துக் காண இயலாதன்றோ? அதனால் நாலாங் கட்டமாகிய தொடர் கண்காணிப்பு வேண்டப்படுகின்றது. 1957இல் மேற்கு ஜெர்மனியிலே விற்பனைக்கு வந்த தாலிடோமைட்டு என்னும் மருந்து, கருவுற்றிருந்த தாய்மாரால் உட்கொள்ளப்பட்டு, பல நாடுகளிலும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் உறுப்புக்குறையுடன் பிறக்கக் காரணமாயிற்று. 1961இல் அது மீட்டுக்கொள்ளப்பட்டது. இன்றுள்ள மருந்துச் சட்டங்களின் கடுமைக்கு அக்குழந்தைகளே காரணர். முதற்கட்டத்துட் புகும் மருந்துகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றே இறுதியிற் சந்தையை அடைகின்றது. ஏனைய ஒன்பதும் வீண் என்பாருமுளர். அவ்வொன்பதும் நம் உடலினுட் புகாது தடுக்கப்பட்டன என்பதே நேரிய கூற்று.

கொவிட் தடுப்பூசிகள் ஓராண்டுள் வந்தமையால் கட்டங்கள் தாண்டப்பட்டன என்று ஐயுற்றவர் நம்மிடையே பலராவர். அத்தடுப்பூசிகள் கட்டங்களைத் தாண்டவில்லை. ஒன்று முடியுமுன் மற்றொன்றைத் தொடங்கிக் கட்டங்களை அடுக்கின. பைசர் நிறுவனத்தின் தடுப்பூசிச் சோதனையிலே 43,000க்கு மேற்பட்டோர் பங்குகொண்டனர். 2021 தை 29ஆம் நாள் இலங்கையிலே தடுப்பூசி ஏற்றத் தொடங்கியபோது நம் கையில் ஏறியது, பிறநாட்டார் பல்லாயிரவர் தம் கையிலே முன்னரே ஏற்றுப் பார்த்த ஒன்றாகும். அவர் செய்த உதவிக்கு நாம் கடப்பாடுடையோம்.

ஆனால் எல்லா நோய்க்கும் பிறநாட்டார் சோதித்துத் தருவார் என்று காத்திருத்தல் கூடாது. நம் நாட்டுக்குரிய துன்பங்கள் சில பிறநாட்டில் இல்லை. அவற்றுள் ஒன்றையும், அதனை ஆராய்ந்தவர்க்கு நேர்ந்ததையும் இங்கே சற்று விரிவாகக் கூறுதல் தகும்.

வேலியோரங்களிலே பொன்னிறமாய்ப் பூத்துநிற்கும் மஞ்சள் அலரியை அறியாதார் இலர். அதன் விதை இதயத்தின் துடிப்பைக் குலைக்கும் நஞ்சுடையது. மனம் உடைந்த ஒரு கணத்திலே அதனை உண்டு வைத்தியசாலைக்குக் கொணரப்பட்டோர், இளைஞரும் யுவதியருமாக, கடந்த பல பதின்மாண்டுகளில் இந்நாட்டிலே ஆயிரக்கணக்கினர். செல்வ நாடுகளின் மருந்து நிறுவனங்கள் இந்நஞ்சைப்பற்றிக் கவலைப்படவில்லை. அவர்தம் நாட்டிலே இத்துன்பம் அரிதாதலின். ஆயினும் அந்நாடுகளில் இதய நோய்க்கு வழங்கிய டிஜொக்சின் என்னும் மருந்து அளவு மிஞ்சினால் அதனை முறிப்பதற்கென்று, செம்மறியாட்டின் குருதியிலிருந்து எடுத்த எதிர்ப்பொருள் ஒன்று இருந்தது. அலரி நஞ்சும் டிஜொக்சினும் ஓரினத்தன. ஆகவே அம்முறிமருந்து இதற்கும் பயன்படுமோ என்று இலங்கையிலே ஆராய்ந்தனர்.

நலமுள்ள தொண்டர்க்கு நஞ்சூட்டிப் பார்த்தல் அறமன்று. ஆதலின் முதற்கட்டமாகிய அளவறி சோதனையும் நஞ்சுண்ட நோயாளரிடத்தேயே நடைபெற்றது. பின்னர், இதயத் துடிப்புக் கடுமையாகக் குலைந்த 66 பேர் சீட்டு முறையாலே பிரிக்கப்பட்டனர். 34 பேருக்கு முறிமருந்தும் 32 பேருக்கு உப்புநீரும் ஏற்றப்பட்டன. இரண்டு மணி நேரத்தில் முன்னவருள் 15 பேருக்கும் பின்னவருள் இருவருக்குமே துடிப்புக்குலைவு முற்றாக நீங்கிற்று. எட்டு மணி நேரத்தில் முன்னவருள் 24 பேரும் பின்னவருள் ஐவரும் இயல்பான துடிப்பை அடைந்திருந்தனர். 2000ஆம் ஆண்டிலே 'லான்செட்' என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழ் இம்முடிவை வெளியிட்டது. ஐயத்துக்கு இடமின்றி மருந்து மெய்யாயிற்று.

அதன்பின் நிகழ்ந்ததே நெஞ்சைச் சுடுவது. அம்முறிமருந்தின் விலை இந்நாட்டின் வைத்தியசாலைகள் தாங்கும் அளவினதன்று. 2002ஆம் ஆண்டிலே அதன் இறக்குமதி நின்றது. நின்றபின் அலரி நஞ்சினால் இறந்தோர் தொகை உயர்ந்தது. மெய்யென்று தெளியப்பட்ட மருந்து உலகில் இருக்க, அது கைக்கெட்டாமையால் மக்கள் மாண்டனர் என்பதையும் அதே 'லான்செட்' இதழ் 2003இல் வெளியிட்டது. சோதனைக்கு நம்மவர் உடல் உதவிற்று. சோதனையின் பயன் நம்மவர்க்கு உதவவில்லை. மருந்துச் சோதனைபற்றிப் பேசுவோர் எவரும் இவ்வொரு செய்தியைத் தாண்டிச் செல்லுதல் தகாது.

விலையுயர்ந்தது கிடையாதாயின் மலிவானது உதவுமோ என்று ஆராய்ந்தவர் உயிர்ப்பூட்டிய கரியைச் சோதித்தனர். 2003இல் வெளியான ஆராய்ச்சியிலே, அலரி விதை உண்ட 401 பேருக்கும் முதலில் ஒருமுறை கரி கொடுக்கப்பட்டது. பின்னர் 201 பேருக்கு மீண்டும் மீண்டும் கரியும் 200 பேருக்கு வெறும் நீரும் தரப்பட்டன. முன்னவருள் ஐவரும் பின்னவருள் 16 பேரும் இறந்தனர். கரியே கதி என்று எவரும் மகிழ்வர். ஆயின் 2008இல் மூன்று இலங்கை வைத்தியசாலைகளிலே, அலரியும் பூச்சிகொல்லியும் பிறவும் உண்ட 4,632 பேரிடத்து நடந்த பெருஞ்சோதனையின் முடிவு வேறாயிற்று. கரி பெறாதவருள் நூற்றுக்கு 6.8 பேரும், ஒருமுறை பெற்றவருள் 7.1 பேரும், பன்முறை பெற்றவருள் 6.3 பேரும் இறந்தனர். பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அங்கே காணப்படவில்லை. ஒரு சோதனை கூறிற்று என்பது கொண்டு துணிதல் கூடாது, மறுத்தும் சோதித்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை. அப்பாடம் எழுதப்பட்டது நம் நாட்டிலேதான்.

இத்தகைய ஆராய்ச்சிகளுக்கு நடுவிடமாக விளங்கிய தென்னாசிய நச்சியல் ஆய்வுக் கூட்டமைப்பு, மகாவலிக் கரையிலே, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தை நிலைக்களமாகக் கொண்டது. கண்டி மக்களாகிய நாம் பேராதனையைப் பூந்தோட்டத்தால் அறிவோம். தமிழ் கற்றோர் அங்கிருந்த பேராசிரியர்களால் அறிவர். நஞ்சுண்டார் உயிர் காக்கும் அறிவு உலகுக்கு அங்கிருந்தும் சென்றது என்பதை நம் மாணாக்கர் அறிதல் வேண்டும்.

சோதனையின் பயன் ஏழைக்கும் எய்திய வரலாறுகளும் உண்டு. 1956இல் சென்னையிலே காசநோய் மருந்தாய்வு நிலையம் நிறுவப்பட்டது. காசநோயாளரைச் சானட்டோரியத்திலே கிடத்தி, நல்லுணவும் ஓய்வும் அளித்தாலன்றி நோய் தீராது என்று அந்நாளில் உலகம் நம்பியிருந்தது. சென்னையின் வறிய நோயாளர் 193 பேரைச் சீட்டினாற் பிரித்து, ஒரு சாராரைச் சானட்டோரியத்திலும் மறுசாராரை அவர்தம் நெருக்கமான வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தனர். வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அவ்வாறே தேறினர். அவரால் வீட்டிலுள்ளோர்க்கு நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. 1959இல் வெளிவந்த இம்முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. அவ்வாறே 2011இல் வெளியான இலங்கை ஆராய்ச்சி ஒன்று, பாம்புக்கடிக்கு முறிமருந்து பெற்ற 1,007 பேரிடத்து, முன்னதாகச் சிறிதளவு அதிரினலீன் கொடுத்தால் முறிமருந்தினாலே வரும் கடும் ஒவ்வாமை குறையும் என்று நிறுவியது. அதிரினலீன் எந்தக் கிராம வைத்தியசாலையிலும் கிடைக்கும் மலிவான மருந்து. எந்த நிறுவனமும் இதனாற் பெருஞ்செல்வம் ஈட்டவில்லை; பயன் வயலிலும் தோட்டத்திலும் பாம்பு கடியுண்டவர்க்கே சென்றது.

ஆகவே சோதனையே தீது என்பாரும் தவறுவர்; சோதனை என்றாலே நன்று என்பாரும் தவறுவர். எவருடைய நோய்க்காக, எவருடைய பொருளால், எவருடைய உடலில், இறுதியில் எவருக்குக் கிடைக்கும்படி என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை பெற்ற பின்னரே ஒரு சோதனையை நன்றென்றும் தீதென்றும் கூறலாம். திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து, அவற்றுள் நோயுற்றவனையே முதலில் வைத்தார். தீர்ப்பவனும் மருந்தும் துணைநிற்பவனும் அவன் பின்னரே வருவர். இம்முறைவைப்பு மாறி மருந்து முன்னும் மனிதன் பின்னும் நிற்குமாயின், அங்கே அறம் பிறழ்ந்தது என்று கொள்ளலாம்.

அறம் பிறழ்ந்தமைக்கு அயல்நாட்டிலே சான்றுண்டு. 2009இல் ஆந்திர மாநிலத்துக் கம்மம் மாவட்டத்திலே, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி ஒன்று ஆராய்ச்சித் திட்டமாகச் சிறுமியர்க்கு ஏற்றப்பட்டது. விடுதியில் தங்கிப் படித்த வறிய பழங்குடிச் சிறுமியர் பலரின் பெற்றோரை வினவாது, விடுதிக் காப்பாளரே சம்மதப் படிவங்களிற் கையொப்பமிட்டனர் என்பது பின்னர் வெளிப்பட்டது; இந்திய நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் அதனைக் கண்டித்தது. தடுப்பூசி நல்லதா என்பது வேறு வினா. நல்லதேயாயினும் கேளாது ஏற்றுதல் முறையன்று. உலக மருத்துவச் சங்கம் 1964இல் இயற்றி 2024இல் இறுதியாகத் திருத்திய எல்சிங்கிப் பிரகடனம், அறிந்து இசைந்தவரையன்றிப் பிறரைச் சோதனையிற் சேர்த்தலாகாது என்றும், சோதனை முடிந்தபின் அம்மருந்து பங்குகொண்டோர்க்குக் கிடைக்க முன்னரே வழிசெய்தல் வேண்டும் என்றும் விதிக்கின்றது.

நம் நாட்டிலும் காவல் இல்லாமலில்லை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தாலே தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை நிறுவப்பட்டது. மருந்துச் சோதனைகளும் அதன் ஆட்சிக்கு உட்பட்டன. 2006 முதல் இலங்கை மருத்துவச் சங்கத்தின்கீழ்ச் சோதனைகளைப் பதியும் பதிவேடும் உண்டு. மருத்துவ பீடங்களிலே, பேராதனை உட்பட, நெறிமுறைக் குழுக்கள் உள்ளன. ஆயினும் காவலர் எத்துணைப் பேர் வாயிலில் நின்றாலும், வீட்டுக்குரியவன் உறங்குவானாயின் பயனென்ன? இறுதிக் காவல் நோயாளனுடைய அறிவேயாம்.

ஈண்டுத்தான் தமிழாசிரியர்க்கு வேலையுண்டு. இசைவு என்னும் சொல் இசைதல் என்பதன் வழிவந்தது. இரு நரம்புகள் ஒத்து ஒலித்தாலன்றி இசையில்லை. ஒருவர் சொல்வது மற்றவர்க்கு விளங்காதிருக்க இடப்படும் கையொப்பம் இசைவாகாது; அது மை மாத்திரமே. கண்டித் தேசிய வைத்தியசாலைக்கும் பேராதனை வைத்தியசாலைக்கும் சுற்றுப்புறத் தோட்டங்களிலிருந்து வரும் தாய்மாரை எண்ணிப் பாருங்கள். வைத்தியர்க்குத் தமிழ் தெரியாதவிடத்து, படிவத்தின் தமிழும் ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த கரடுமுரடாயின், அத்தாய் எதற்கு இசைகின்றாள்? 1987இன் பதின்மூன்றாந் திருத்தத்தால் தமிழ் அரசகரும மொழியாயிற்று என்பது ஏட்டிலே உளது. அவ்வேடு நோயாளரின் கட்டிலருகே வந்து பேசுதல் வேண்டும். "உங்களுக்கு மருந்து கிடைக்கலாம், வெறுமருந்தும் கிடைக்கலாம், எது கிடைக்கும் என்று எங்களுக்கும் தெரியாது, விரும்பினால் எந்நேரமும் விலகலாம், விலகினாலும் வைத்தியம் குறையாது" என்று எளிய தமிழிற் கூறுதற்கு எத்தனை சொற்கள் வேண்டும்?

தமிழால் இயலாது என்பார்க்கு மானிப்பாய் விடையளிக்கும். அமெரிக்கராகிய கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலே அங்கே தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழிலாக்கி, தமிழிலேயே மருத்துவரைப் பயிற்றினார். அந்நாளில் உடற்கூற்றியல் முழுவதையும் தாங்கிய மொழிக்கு இந்நாளில் ஒரு பக்கச் சம்மதப் படிவம் பாரமாகாது.

நாட்டு மருத்துவத்தை நேசிப்பார்க்கும் ஒரு சொல். சோதனை என்பது மேனாட்டார் நம் மருந்தை இழிவுசெய்ய வகுத்த சூழ்ச்சி என்று எண்ணற்க. சீனத்திலே பழைய மருத்துவ நூல்களைத் துருவிய தூ யூயூ அம்மையார், மலேரியாவுக்கு மருந்தாகும் செடியொன்றின் சாற்றை எடுத்து, 1972இலே தம் துணைவரோடு தாமே முதலில் உட்கொண்டு பார்த்து, பின்னரே நோயாளர்க்கு வழங்கினார். 2015இல் நொபெல் பரிசு அவரைத் தேடி வந்தது. பழைய ஏட்டின் பெருமை சோதனையாற் குறையவில்லை, உலகறிய உயர்ந்தது. நம் சித்த ஆயுள்வேத ஏடுகளிலும் அத்தகைய மருந்துகள் இருத்தல் கூடும். அவற்றை நேசிப்பவரே அவற்றைச் சோதனைக்கு உரியவாக்க முன்வருதல் வேண்டும். சோதனைக்கு அஞ்சும் மருந்தை நோயாளி அஞ்சுதல் நியாயமே.

இனிப் பாடசாலைகளிலே அறிவியலாசிரியரும் தமிழாசிரியரும் கூடி மாணாக்கர்க்குப் பயிற்றவேண்டிய வினாக்கள் சிலவே. யாரோடு ஒப்பிட்டீர்கள்? எத்தனை பேர்? யார் பொருள் கொடுத்தார்? முடிந்தபின் மருந்து எங்களுக்குக் கிடைக்குமா, என்ன விலைக்கு? இவற்றுள் இறுதி வினாவை 2000ஆம் ஆண்டுக்கு முன்னர் உரத்துக் கேட்டு விடைபெற்றிருந்தால், 2002இன் பின்னர் அலரி நஞ்சினால் மாண்டோருட் சிலராவது இன்று தம் மக்களோடு உண்டு உறங்கி வாழ்ந்திருப்பர்.